ஸ்விஃப்டுக்குக் கொஞ்சம் பிக்கப் வேண்டும்: 30,000 ரூபாயை எதில் போடலாம்?

காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் சித்தி மகன் தினமும் மேலுமலை ஏற்றம் வழியாக ஓசூருக்கு வேலைக்குப் போய் வருகிறான். வண்டி 2018 மாடல் ஸ்விஃப்ட், 1.2 லிட்டர் பெட்ரோல். போன மாதம் தர்மபுரியில் எங்கள் வீட்டுக்கு வந்தவன் உட்கார்ந்ததும் ஆரம்பித்தான். "அண்ணா, மேலுமலை ஏத்தத்துல வண்டி இழுக்கவே மாட்டேங்குது. லாரியைத் தாண்டலாம்னு மிதிச்சா சத்தம்தான் வருது. முப்பதாயிரம் வச்சிருக்கேன். ஏர் ஃபில்டர் மாத்தலாமா, ரீமேப் பண்ணலாமா, சைலன்ஸர் மாத்தலாமா?"

இதே கேள்வியோடு நானும் இரண்டு வருடம் அலைந்தவன். என்னிடம் இருப்பதும் அதே எஞ்சின்தான். கிருஷ்ணகிரியில் இருக்கும் என் மச்சானிடம் அதே ஸ்விஃப்ட் டீசலில் இருக்கிறது. மூன்று வண்டிகளையும் வைத்து நாங்கள் பேசியதை எழுதி வைத்தால், இந்தப் பக்கம் ஏற்றமும் இறக்கமுமாக ஓட்டும் இன்னும் நாலு பேருக்குப் பயன்படும் என்று தோன்றியது.

முதலில் வண்டி ஏன் இழுக்கவில்லை என்று பார்த்தாக வேண்டும். அந்த எஞ்சின் புதிதில் 6000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 6000 சுற்றில், 83 குதிரைத்திறன் தரும். டார்க், அதாவது சக்கரத்தைத் திருப்பும் இழுவிசை, 4200 ஆர்பிஎம்மில் 113 நியூட்டன் மீட்டர். கவனிக்க வேண்டியது 4200 என்ற எண்ணைத்தான். இது குறைந்த ஆர்பிஎம்மில் இழுக்கும் எஞ்சின் இல்லை, சுற்றினால்தான் இழுக்கும். அடுத்தது ஊரின் உயரம். கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர், ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் தோராயமாக 1 சதவீதம் சக்தியை இழக்கும், ஏனென்றால் காற்றின் அடர்த்தி குறைந்துகொண்டே போகிறது. ஆக, ஓசூர் போய்ச் சேரும்போது 83 என்பது 76 பக்கம் வந்துவிடும். ஏப்ரல், மே மாத வெயிலில் எஞ்சின் இழுக்கும் காற்று 10 டிகிரி கூடுதலாகச் சூடாக இருந்தால் அதில் இன்னும் 3 சதவீதம் போகும். அப்புறம் உள்ளே நாலு பேர், டிக்கியில் மூட்டை, மேலே ஏ.சி. இவற்றையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் வண்டி மேல் கோபம் பாதி குறைந்துவிடும்.

மீதிப் பாதிக்குத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் எல்லாரும் கேட்கும் காட்டன் ஏர் ஃபில்டர். கம்பெனி ஃபில்டர் இருக்கும் பெட்டியிலேயே பொருந்துகிற மாதிரி பிராண்ட் பெயரோடு கிடைக்கிறது. ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய் ஆகும். கழுவி, எண்ணெய் தடவித் திரும்பப் போடலாம் என்பது அதன் வசதி. நான் போட்டுப் பார்த்தேன். காற்று இழுக்கும் சத்தம் கேட்கும்படியாக மாறியது. அந்தச் சத்தம் வேகம் கூடிவிட்டதாக ஒரு உணர்வைக் கொடுத்தது. ஆனால் அதே ஏற்றம், அதே கியர், அதே ஆட்கள் என்று வைத்துப் பார்த்தபோது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. காரணம் எளிது. சுத்தமாக இருக்கும் கம்பெனி ஃபில்டரே இந்த எஞ்சினுக்குத் தேவையான காற்றைத் தடையில்லாமல் விடுகிறது. கடைசி ஆயிரம் ஆர்பிஎம்மில் வேண்டுமானால் ஏதாவது கிடைக்கலாம், நாம் அங்கே ஓட்டுவதில்லை. அதோடு நம் பக்கத்துத் தூசியையும் யோசிக்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் லோடு லாரிகள் பின்னால் பத்து நிமிடம் போனாலே கண்ணாடியில் வெள்ளைப் பொடி படியும். காகித ஃபில்டர் அந்த நுண்ணிய தூசியை நன்றாகப் பிடிக்கும். காட்டன் ஃபில்டரில் எண்ணெய் குறைந்தால் தூசி உள்ளே போகும், கூடினால் சில வண்டிகளில் காற்றை அளக்கும் சென்சாரில் போய் ஒட்டும். நான் ஆறு மாதத்தில் கழற்றி எடுத்துவிட்டுப் பழையபடி காகித ஃபில்டரே போட்டுக்கொண்டேன்.

சைலன்ஸரை மாற்றுவது எனக்கு மனதுக்கு ஒப்பாத விஷயம். பின்னால் இருக்கும் மஃப்ளரை மட்டும் மாற்றினால் சத்தம்தான் மாறும், இழுவை மாறாது. புகையில் இருக்கும் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் சேர்த்துக் கழற்றினால் புகை விதிகள் மீறப்படும். டர்போ இல்லாத சின்ன எஞ்சினில் அளவு தெரியாமல் பெரிய குழாய் போட்டால், கீழ் ஆர்பிஎம்மில் இருந்த கொஞ்ச இழுவையும் போய்விடும். மேலுமலையில் நமக்கு வேண்டியதே அதுதான். சட்டமும் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியில் கைவைக்கக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். சத்தம், புகை மீறலுக்கு 190(2) பிரிவில் முதல் முறையே 10,000 ரூபாய் வரை போகலாம். சட்டத்தை விட்டாலும், ராத்திரி பதினோரு மணிக்கு நம் தெருவில் வண்டி நுழையும்போது தூங்கும் குழந்தைகளை எழுப்பிவிடும் சத்தம் எதற்கு?

ரீமேப் விஷயத்தில் பெட்ரோலையும் டீசலையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இதைச் சேர்த்துக் குழப்பிக்கொண்டுதான் பலர் பணத்தை விடுகிறார்கள்.

ரீமேப் என்றால் எஞ்சினை நடத்தும் ஈசியு என்ற கணினியில் எரிபொருள் அளவு, பற்றவைக்கும் நேரம், டர்போ அழுத்தம் போன்ற கணக்குகளை மாற்றி எழுதுவது. டர்போ இருந்தால் கூடுதல் காற்றை உள்ளே தள்ள முடியும். அதற்கேற்ப எரிபொருளையும் கூட்டலாம். அதனால்தான் டர்போ டீசலில் 20 சதவீதத்துக்கும் மேலே பலன் கிடைக்கிறது. மச்சானின் ஸ்விஃப்டில் இருக்கும் 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போதே 2000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர் டார்க் தருவது. ரீமேப் செய்த பிறகு நான் ஓட்டிப் பார்த்தேன். சூளகிரி தாண்டி நாலாவது கியரிலேயே அது ஏறிய விதம் வேறு வண்டி மாதிரி இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் ஒரு வருடத்துக்குள் மச்சானுக்குக் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. ஐந்தாவது கியரில் மிதித்தால் ஆர்பிஎம் முள் ஏறும், வண்டி ஏறாது. ஏற்கெனவே 90,000 கிலோமீட்டர் ஓடிய கிளட்ச், கூடுதல் டார்க்கைத் தாங்கவில்லை. செட்டாக மாற்றிய செலவு ரீமேப்புக்குக் கொடுத்ததற்குப் பக்கத்தில் வந்தது. ரீமேப் செய்த கடைக்காரர் கிளட்ச்சின் நிலையைப் பார்க்கவும் இல்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. டீசல் வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் கிளட்ச், டர்போ, இன்ஜெக்டர் மூன்றும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் ஈசியுவில் கைவைக்க வேண்டும். மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டால் விபத்து நேரத்தில் கிளெய்ம் சிக்கலாகலாம். வாரண்டி இருக்கிற வண்டியில் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். டியூனிங் பாக்ஸ் என்று வயரில் சொருகும் பெட்டி ஒன்றும் விற்கிறார்கள். அது டீசல் அழுத்தம் குறைவாக இருப்பதாக ஈசியுவை நம்பவைத்து, அழுத்தத்தைக் கூட்ட வைக்கிறது. கழற்றுவது சுலபம் என்பதைத் தவிர எனக்கு அதில் நல்லது எதுவும் தெரியவில்லை.

தம்பியின் பெட்ரோல் வண்டியில் டர்போ கிடையாது. கூட்டித் தள்ளக் காற்றே இல்லாதபோது கணக்கை மாற்றி எழுதி என்ன செய்வது? ஆக்சிலேட்டர் சீக்கிரம் திறக்கிற மாதிரி மாற்றி வைப்பார்கள். கால் வைத்ததும் வண்டி துள்ளும். முழுக்க மிதித்தால் அதே பழைய எஞ்சின்தான். சில குதிரைத்திறனுக்காக 20,000 ரூபாய் பக்கம் செலவு செய்ய வேண்டாம் என்று நான் உறுதியாகவே சொன்னேன்.

எரிபொருளைப் பற்றியும் கேட்டான். ஆக்டேன் என்பது பெட்ரோல் தானாக முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறன். அது சக்தியின் அளவு இல்லை. எஞ்சின் அந்த ஆக்டேனைக் கேட்டு வடிவமைக்கப்படவில்லை என்றால் 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டாலும் பலன் இல்லை. எத்தனால் கலந்த இ20 பற்றி எல்லாரும் கவலைப்படுகிறார்கள். எத்தனாலில் லிட்டருக்கு இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையும். இழுவை குறைந்ததற்கு அதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

சரி, அப்படியென்றால் எதில் செலவு செய்வது? தம்பியின் வண்டியைக் கையோடு என் வழக்கமான மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம்.

போகும் வழியில் நான்தான் ஓட்டினேன். காவேரிப்பட்டணம் பக்கம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு, ஓரமாக நிறுத்தி, நாலு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். முன்சக்கரங்கள் இரண்டும் மிதமான சூடு. பின்னால் இடது பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வலது பக்கம் கையைப் பக்கத்தில் வைக்க முடியவில்லை, இரும்பு காய்ந்த வாடை அடித்தது. முந்தைய சர்வீஸில் யாரோ ஹேண்ட்பிரேக் கேபிளை அளவுக்கு மேல் இறுக்கி விட்டிருக்கிறார்கள். பின் வலது டிரம்மில் பிரேக் ஷூ எப்போதும் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. மெக்கானிக் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிக் காட்டினார். இடது சக்கரம் தள்ளிவிட்டால் இரண்டு மூன்று சுற்று சுற்றியது, வலது சக்கரம் கால்வாசிச் சுற்றிலேயே நின்றது. ஐந்து மாதமாகத் தம்பி பிரேக்கைப் பிடித்துக்கொண்டே மேலுமலை ஏறியிருக்கிறான்.

அப்புறம் ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பைக் கழற்றினோம். மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதம் முழுக்கச் செம்மண் நிறம், அடியில் ஒரு காய்ந்த இலை, ஒரு தும்பி. தட்டியதும் மெக்கானிக்கின் மேசை மேலே ஒரு கைப்பிடித் தூசி. எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியின் விளிம்பில் கருப்பாகப் பிசுக்கு. ஸ்பார்க் ப்ளக் நாலும் மாற்றவேண்டிய காலம் தாண்டியவை. டயரில் காற்று பார்த்தோம். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொன்னதைவிட நாலிலும் குறைவு. அலைன்மென்ட்டும் விலகி இருந்தது.

பிரேக் சரிசெய்து, ஃபில்டர், ப்ளக் மாற்றி, த்ராட்டில் பாடி சுத்தம் செய்து, எஞ்சின் ஆயில் மாற்றி, அலைன்மென்ட், பேலன்சிங் பார்த்து எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துக்குள் முடிந்தது. இதில் புதிதாகச் சக்தி எதுவும் சேரவில்லை. கம்பெனி கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டோம், அவ்வளவுதான். ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு போனவன் ஓசூரிலிருந்து அன்று சாயந்திரமே போன் செய்தான். குரலிலேயே தெரிந்தது.

மீதிப் பணத்துக்கு டயர். அவனுடைய வண்டியில் வந்தது 165/80 ஆர்14, அதாவது அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், வீல் 14 அங்குலம். 16 அங்குல அலாய் வீலில் 205/55 டயர் போடலாம் என்று ஒரு கடையில் சொல்லியிருக்கிறார்கள். பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டோம். இப்போதைய டயரின் விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர். அந்த 16 அங்குல டயரின் விட்டம் 632. இரண்டு சதவீதம் பெரியது என்றால் ஒவ்வொரு கியரும் இரண்டு சதவீதம் நீளமாகிவிடும், ஏற்றத்தில் அந்த அளவுக்கு இழுவை குறையும். அதோடு அகலமான, கனமான சக்கரத்தைச் சுற்றுவதற்கும் எஞ்சின் உழைக்க வேண்டும். பார்க்க அழகு, ஓட்ட மந்தம். அதே ஸ்விஃப்டின் உயர்ந்த மாடலில் கம்பெனியே 185/65 ஆர்15 கொடுத்தது. அதன் விட்டம் 621.5, கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் அதற்கு வீலும் சேர்த்து வாங்க வேண்டும், 30,000-க்குள் அடங்காது. அதனால் அதே 14 அங்குலத்தில் நல்ல டயர் நாலு என்று முடிவு செய்தோம். பழையது ஆறு வருடம் ஆகி ரப்பர் இறுகிப்போயிருந்தது.

டயருக்கும் பிக்கப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டான். தொப்பூர் கணவாயில் தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராது. அந்த இறக்கத்தில், இரட்டைப் பாலம் பக்கம், பிரேக் பிடிக்காத லாரி மோதிய செய்தியைத் தர்மபுரிக்காரர்கள் எத்தனை முறை படித்திருப்போம். வேகமாகப் போகிற வண்டி அதைவிட வேகமாக நிற்கவும் வேண்டும். நிற்பது தரையைத் தொடும் நாலு உள்ளங்கை அளவு ரப்பரின் கையில் இருக்கிறது. என் குடும்பத்தில் ஒருவன் தினமும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஓடும்போது, பணத்தை முதலில் அங்கேதான் போடச் சொல்வேன்.

கடைசியாக, காசே ஆகாத ஒன்று. இதைச் சொல்ல நான் கொஞ்சம் தயங்கினேன், ஓட்டத் தெரியாதவன் என்று சொல்வதாக அவன் எடுத்துக்கொள்வானோ என்று. அவன் 60 கிலோமீட்டர் வேகத்தில் லாரி பின்னால் ஐந்தாவது கியரில் போகிறான். அங்கே எஞ்சின் 2000 ஆர்பிஎம்முக்கும் கீழே சுற்றுகிறது. அந்த நிலையில் முழுக்க மிதித்தாலும் இருபது சொச்சம் குதிரைத்திறன்தான் வெளியே வரும். அதே 60-இல் மூன்றாவது கியருக்கு இறக்கினால் எஞ்சின் 3000-ஐ ஒட்டி வந்துவிடும். கிடைப்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு. எந்த ஃபில்டரும் எந்த ரீமேப்பும் அந்த எஞ்சினுக்கு இதைத் தராது. சத்தம் கூடுமே, எஞ்சின் கெட்டுவிடாதா என்று பயப்படுகிறார்கள். எஞ்சின் சூடான பிறகு 4000, 4500 என்று சுற்றுவது அதற்குச் சாதாரணம். டாப் கியரில் திணறவிட்டு இழுப்பதுதான் அதற்குக் கஷ்டம்.

பாரத்தையும் சொன்னேன். 5 சதவீத ஏற்றத்தில் 60-இல் போகும்போது 70 கிலோ ஆள் ஒருவரைத் தூக்கிச் செல்ல முக்கால் குதிரைத்திறனுக்கு மேல் வேண்டும். அவனுடைய டிக்கியில் ஆயுத பூஜைக்கு வாங்கிய தண்ணீர் கேன், பழைய பேட்டரி, கிரிக்கெட் கிட் என்று ஐம்பது கிலோ கிடந்தது. ஏ.சி. கம்ப்ரஸர் சில குதிரைத்திறனை எடுத்துக்கொள்ளும். தாண்டப் போகும் அந்தப் பத்து நொடிக்கு மட்டும் அணைத்தால் சின்ன எஞ்சினில் நன்றாகத் தெரியும். பல வண்டிகளில் முழுக்க மிதித்தால் ஈசியுவே கம்ப்ரஸரைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிடும்.

இத்தனைக்குப் பிறகும் போதவில்லை என்றால் வண்டியைத்தான் மாற்ற வேண்டும். நேரடியாக டர்போ பெட்ரோலுக்குப் போய்விடலாம். உதாரணத்துக்கு ஃபிராங்க்ஸ் 1.0 டர்போவில் 100 குதிரைத்திறன், 147.6 நியூட்டன் மீட்டர் டார்க் 2000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். தம்பியின் எஞ்சின் தன் உச்சத்தை எட்டும் 4200-க்கு இதில் காத்திருக்க வேண்டியதில்லை. ஓசூர் உயரத்தில் காற்று மெலிந்தாலும் டர்போ அழுத்தி ஈடுகட்டிக்கொள்ளும். வாரண்டி, இன்சூரன்ஸ், ஆர்.சி. எதிலும் சிக்கல் இல்லை. ஆனால் அது லட்சக்கணக்கில் போகும் முடிவு. மலைப்பாதையில் வாரம் ஒருமுறை போகிறவர்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் எண்ணம். தினமும் ஐந்து பேரோடு ஏறி இறங்குபவர்கள் யோசிக்கலாம்.

தம்பிக்குச் சர்வீஸும் டயரும் சேர்த்து 26,500 ஆனது. மீதி 3,500-ஐ முன்பக்க பிரேக் பேடுக்கு எடுத்து வைத்திருக்கிறான். மெக்கானிக் அளந்து பார்த்துவிட்டு, இன்னும் ஐயாயிரம் கிலோமீட்டர் தாங்கும் என்றார். போன ஞாயிறு அவனோடு வத்தல்மலைக்குப் போனோம், நாலு பேர். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரை விடாமல் பிடித்து ஏறினான். மேலே போய் நிறுத்தியதும் இறங்கி, முதல் வேலையாகப் பின் வலது சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து கையை வைத்துப் பார்த்தான்.